டிவிடி-ல போட்டா மட்டும் வீடியோ ஏன் தூக்கித் தூக்கி ஓடுது?

போன்ல ஒரு குறையும் இல்லாம ஓடுற வீடியோ, அதையே டிவிடி-ல அடிச்சு டிவியில போட்டா ஆளு நடக்கும்போது தூக்கித் தூக்கிப் போகுது, கேமரா பக்கவாட்டுல திரும்பினா கண்ணு வலிக்குது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் எல்லாம் இந்தப் புகார் இன்னும் வந்துகிட்டேதான் இருக்கு. ஏன்னா நம்ம தோட்டங்கள்ல நிறைய வீட்டுல டிவிக்குக் கீழ டிவிடி ப்ளேயர் இன்னும் இருக்கு, வயசானவங்களுக்கு போன் ஸ்க்ரீன் சின்னது, கல்யாணம், சடங்கு, கோயில் தேர், காமன் கூத்து எதுவா இருந்தாலும் பெரிய டிவியில எல்லாரும் உக்காந்து பாக்கணும்னு ஆசைப்படுறாங்க.

காரணம் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. டிஸ்க் மட்டம்னு ஒருத்தர், ப்ளேயர் லென்ஸ் போச்சுன்னு இன்னொருத்தர், கம்ப்யூட்டர் ஸ்லோ, ரேம் போடுங்கன்னு கடைக்காரர். இதை நம்பி புது ப்ளேயர் வாங்கினவங்க இருக்காங்க, கம்ப்யூட்டருக்கு காசு செலவழிச்சவங்களும் இருக்காங்க, ஆனா வீடியோ அப்படியேதான் ஓடுது. அதனால அடிப்படையில இருந்து பாப்போம்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். கம்ப்யூட்டர் ஸ்லோவா இருந்தா டிவிடி ஜெர்க் ஆகாது. கன்வெர்ட் பண்ண நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேர வீடியோவை நல்ல கம்ப்யூட்டர் பத்து இருபது நிமிஷத்துல மாத்தலாம், பழசு ராத்திரி முழுக்க எடுக்கலாம், ஆனா ஒரே மென்பொருள், ஒரே செட்டிங்னா கடைசில வர்ற ஃபைல் ஒரே மாதிரிதான் ஓடும்.

ஒரே பேரு, மூணு வியாதி

"ஜெர்க் அடிக்குது"ன்னு நாம சொல்றது உண்மையில மூணு வேற வேற விஷயம். ஒண்ணு, வீடியோ நிக்காம ஓடும், ஆனா அசைவு மட்டும் ஒரே தாளத்துல தட்டித் தட்டிப் போகும். ரெண்டாவது, வேகமா அசையுற இடத்துல மட்டும் படம் முன்னுக்கும் பின்னுக்கும் நடுங்கும், ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி பிரிஞ்சு தெரியும். மூணாவது, நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு நின்னு, கட்டம் கட்டமா உடைஞ்சு, அப்புறம் மறுபடி ஓடும்.

மூணுக்கும் காரணம் வேற, மருந்தும் வேற. இதுல மூணாவதுக்கு மட்டும்தான் டிஸ்க்கையும் லென்ஸையும் குத்தம் சொல்லலாம். நம்ம ஊர்ல போன் வீடியோவை டிவிடி ஆக்கும்போது அதிகமா வர்றது முதலாவது.

படிக்கட்டுல ஒரு படி காணாம போனா

வீடியோன்னு நாம சொல்றது வேகமா மாறிட்டே இருக்குற போட்டோக்கள். அந்த ஒவ்வொரு போட்டோவும் ஒரு ஃப்ரேம். ஒரு செக்கனுக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுதோ அதுதான் ஃப்ரேம் ரேட். சாதாரணமா நம்ம போன் எல்லாம் செக்கனுக்கு 30 ஃப்ரேம் எடுக்குது. இலங்கையில டிவிடி அடிக்கிற மென்பொருள்ல வழக்கமா போடுற செட்டிங் 25 ஃப்ரேம்.

இப்ப ரோட்டுல இருந்து தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஏறுற கல் படிக்கட்டை நினைச்சுக்கோங்க. சரிசமமா வெட்டின 30 படி, கண்ணை மூடிக்கிட்டே ஏறலாம், காலுக்கே தெரியும். அதுல ஒவ்வொரு ஆறாவது படியையும் பேத்து எடுத்துட்டா 25 படிதான் மிஞ்சும். ஏறுற உயரம் மாறல, ஆனா அஞ்சு படி ஒழுங்கா ஏறினதும் ஒரு இடத்துல காலை ரெண்டு படி உயரத்துக்குத் தூக்கி வைக்கணும், மறுபடி அஞ்சு, மறுபடி ஒரு தூக்கு.

30 ஃப்ரேம் வீடியோவை 25-க்கு மாத்தும்போது மென்பொருள் செய்யுறது இதேதான். ஆறுக்கு ஒரு ஃப்ரேமை தூக்கிப் போட்டுடும். நேரம் மாறாது, சத்தம் பிசகாது, ஆனா செக்கனுக்கு அஞ்சு தடவை அசைவு ஒரு குதி குதிக்கும். ஆளு அசையாம உக்காந்து பேசுற இடத்துல இது தெரியவே தெரியாது. அதனாலதான் "ஒரு இடத்துல நல்லா இருக்கு, இன்னொரு இடத்துல ஜெர்க் அடிக்குது, டிஸ்க்ல கீறல் போல"ன்னு தப்பா முடிவு பண்றாங்க. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துல ரயில் மெதுவா ஒரே வேகத்துல போறதை எடுத்து இப்படி மாத்திப் பாருங்க, பெட்டி ஒவ்வொண்ணும் தட்டித் தட்டி நகரும். ஒரே சீரா அசையுற பொருள்லதான் இந்தக் குறை நல்லா காட்டிக் குடுக்கும்.

எதிர்ப் பக்கமும் இருக்கு. சினிமா மாதிரி வரணும்னு சில ஸ்டூடியோக்காரங்க 24 ஃப்ரேம்ல எடுப்பாங்க. அதை 25 ஆக்க ஒரு ஃப்ரேம் குறையுது, அதனால மென்பொருள் செக்கனுக்கு ஒரு தடவை ஒரே ஃப்ரேமை ரெண்டு வாட்டி காட்டும், படம் ஒரு கண நேரம் நின்னு போகும். சினிமா டிவிடி-ல இந்தத் தொந்தரவு வராததுக்குக் காரணம், அவங்க ஃப்ரேமை சேர்க்காம 24-ஐ அப்படியே 25 வேகத்துல ஓட்டிடுவாங்க. படம் 4 சதவீதம் சீக்கிரம் முடியும், ரெண்டு மணி நேரப் படம்னா கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம் மிச்சம், யாருக்கும் தெரியாது.

சுருக்கமா இதுவரைக்கும்: எடுத்த ஃப்ரேம் ரேட்டும் டிவிடி ஃப்ரேம் ரேட்டும் பொருந்தல, பொருந்த வைக்க மென்பொருள் ஃப்ரேமை பிடுங்குது இல்லாட்டி திரும்பக் காட்டுது, அதுதான் அந்தத் தட்டல்.

ஏன் 25, ஏன் 30?

இது டிவி பிறந்த காலத்துக் கணக்கு. கரண்டு 50 ஹெர்ட்ஸ்ல ஓடுற நாடுகள் டிவியை 25 ஃப்ரேம்ல அமைச்சாங்க, 60 ஹெர்ட்ஸ் உள்ள அமெரிக்கா, கனடா மாதிரி நாடுகள் 30-ல அமைச்சாங்க, கலர் வந்தப்போ அது 29.97 ஆச்சு. முதலாவது வகையில நம்ம நாட்டுல இருக்குறது பால் (PAL) சிஸ்டம், மத்தது என்டிஎஸ்சி (NTSC). நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், 1982ல ரூபவாஹினி ஆரம்பிச்சதும் பால் சிஸ்டத்துலதான். இந்தியாவும் அதேதான்.

டிவிடி-யும் இந்த ரெண்டு வகையை அப்படியே எடுத்துக்கிச்சு. பால் டிவிடி-ன்னா படத்தோட அளவு 720-க்கு 576, செக்கனுக்கு 25 ஃப்ரேம். என்டிஎஸ்சி-ன்னா 720-க்கு 480, 29.97 ஃப்ரேம். போன் எந்த நாட்டுல வித்தாலும் பெரும்பாலும் 30-தான் எடுக்கும். குழப்பமே அங்கதான் தொடங்குது.

உங்க வீடியோவுக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிக்கிறது

டிஸ்க் அடிக்கிறதுக்கு முன்னாடி மென்பொருள் உண்டாக்குற ஃபோல்டரை கம்ப்யூட்டர்லயே விஎல்சி-ங்கிற இலவச வீடியோ ப்ளேயர்ல திறந்து பாருங்க. நல்லா அசைவு இருக்குற இடத்துக்குப் போங்க. காமன் கூத்து வீடியோன்னா ஆடுறவரோட சலங்கை கட்டின கால் தெரியுற இடம் ரொம்ப நல்லது. அங்க நிறுத்திட்டு கீபோர்டுல ஆங்கில 'ஈ' பட்டனை ஒவ்வொரு தட்டா தட்டுங்க. ஒரு தட்டுக்கு ஒரு ஃப்ரேம் நகரும். அவசரப்படாதீங்க, காலை மட்டும் பாருங்க. கால் கொஞ்சம் உயருது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... அஞ்சு தட்டுக்கு ஒரு தடவை கால் டபுள் தூரம் தாவுதா? அப்ப 30-ல இருந்து ஃப்ரேம் பிடுங்கியிருக்கு. ஒரு தட்டுல கால் அசையவே இல்லையா, இருபத்தஞ்சு தட்டுக்கு ஒருக்கா அப்படி வருதா? அப்ப 24-ல இருந்து வந்திருக்கு. ஒவ்வொரு தட்டும் சமமா நகருது, ஆனா கால் ஓரத்துல கிடை கிடையா கோடு பிரிஞ்சு நிக்குதுன்னா அது ரெண்டாவது வகையா இருக்கலாம், கீழ சொல்றேன். எல்லாம் சுத்தமா இருக்கு, ப்ளேயர்ல போட்டா மட்டும் நிக்குதுன்னா மூணாவது.

மூல ஃபைல்ல என்ன இருக்குன்னு பாக்க மீடியா இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, ஃபைலை அதுல போட்டா ஃப்ரேம் ரேட் எல்லாம் சொல்லிடும். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாக்குறதைப் பழக்கமாக்கிக்கோங்க.

இன்னொரு விஷயம். புது போன்ல எடுத்த மூல வீடியோவே பழைய கம்ப்யூட்டர்ல திக்கித் திக்கி ஓடலாம். அது ஃபைலோட குறை இல்ல, அந்தக் கம்ப்யூட்டரால அந்த வேகத்துல திறந்து காட்ட முடியல, அவ்வளவுதான். டிவிடி-யா மாத்தினா அது நல்லாவே வரலாம்.

ஃப்ரேம் ரேட் பிரச்சினைக்கு மருந்து

எல்லாத்துலயும் நல்லது, எடுக்கும்போதே 25-ல எடுக்குறது. ஐபோன்ல கேமரா செட்டிங்ல வீடியோ பகுதிக்குள்ள பால் ஃபார்மேட்டைக் காட்டுன்னு ஒரு சுவிட்ச் இருக்கு, அதைப் போட்டா 25 தெரியும். ஆண்ட்ராய்டுல போனுக்குப் போன் மாறும், ப்ரோ மோட்ல தேடிப் பாருங்க. பெரிய கேமரான்னா மெனுவுல பால்-ஆ என்டிஎஸ்சி-யான்னு கேக்கும். 50 ஃப்ரேம்ல எடுத்தாலும் சரிதான், ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா சமமா 25 வந்துடும். 60-ல எடுத்தா அந்த சமம் கிடைக்காது. இதுல இன்னொரு லாபமும் இருக்கு. நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல எரியுற சில ட்யூப் லைட், எல்ஈடி எல்லாம் 30-ல எடுத்தா படத்துல கோடு கோடா ஓடும், 25-ல எடுத்து ஷட்டரை 50-ல ஒரு பங்கு செக்கன்ல வச்சா அதுவும் பெரும்பாலும் போயிடும்.

ஏற்கனவே 30-ல எடுத்தாச்சு, கல்யாணம் முடிஞ்சு போச்சு, மறுபடி எடுக்க முடியாது. அப்ப நான் சொல்றது, பால் டிவிடி-யை விட்டுட்டு என்டிஎஸ்சி டிவிடி-யா அடிங்க. 30-க்கும் 29.97-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு முப்பத்து மூணு செக்கனுக்கு ஒரு ஃப்ரேம் போகும், யார் கண்ணுக்கும் படாது. இலங்கைல என்டிஎஸ்சி ஓடாதுன்னு ஒரு பேச்சு பரவலா இருக்கு, அது பழைய காலத்துப் பேச்சு. இங்க விக்கிற டிவிடி ப்ளேயர்ல பெரும்பாலானது ரெண்டையும் ஓட்டும், தட்டை டிவி எல்லாம் ரெண்டையும் காட்டும். ரொம்பப் பழைய குண்டு டிவி சிலதுல மட்டும் கறுப்பு வெள்ளையா வரலாம், படம் உருளலாம், அந்த வீட்டுக்குன்னு தனியா பால்-ல ஒண்ணு அடிச்சுக் குடுங்க. மேலிருந்து கீழ அடுக்கியிருக்குற கோடுகள் 576-ல இருந்து 480 ஆகுறதால கூர்மை கொஞ்சம் குறையும்தான், ஆனா அசைவு சீரா இருக்குறது அதைவிட முக்கியம்னு நான் நினைக்கிறேன், பாக்குறவங்க கண்ணு கூர்மைக் குறையை மன்னிச்சிடும், தட்டலை மன்னிக்காது.

சில மென்பொருள்ல ஃப்ரேம் ப்ளெண்டிங்னு ஒரு ஆப்ஷன் வரும். ரெண்டு ஃப்ரேமைக் கலந்து ஒண்ணாக்கும். தட்டல் குறையும், ஆனா ஆடுறவருக்கு ரெண்டு கை கூட முளைச்ச மாதிரி ஆவி ஆவியா தெரியும். வேற வழியே இல்லன்னா மட்டும் பாவிச்சுக்கோங்க.

போன் வீடியோவுல இன்னொரு சிக்கலும் ஒளிஞ்சிருக்கும். நிறைய போன் எப்பவும் அதே 30-ஐ எடுக்காது. வெளிச்சம் குறைஞ்சா, உதாரணமா ராத்திரி தேர் இழுக்கும்போது, வெளிச்சம் அதிகமா உள்ள வரட்டும்னு ஃப்ரேமை 24, 20-ன்னு குறைச்சிடும், லைட் பக்கம் திரும்பினா மறுபடி கூட்டிடும். இப்படி மாறிட்டே இருக்குறது வேரியபிள் ஃப்ரேம் ரேட், மாறாம இருந்தா கான்ஸ்டன்ட். டிவிடி-க்கு மாறாததுதான் ஆகும். பழைய டிவிடி மென்பொருளுக்கு இந்த மாறுற கணக்கு புரியாது, அதனால இங்க ஒரு இடத்துல தட்டல், அங்க ஒரு இடத்துல உறைச்சல், போகப் போக தப்பு மேள அடி ஒரு பக்கம், கை விழுறது ஒரு பக்கம்னு சத்தமும் பிரிஞ்சிடும். இதுக்கு முதல்ல ஹேண்ட்பிரேக்ல ஃபைலைப் போட்டு, ஃப்ரேம் ரேட் 30, கான்ஸ்டன்ட்-னு வச்சு, தரத்தை நல்லா கூட்டி ஒரு எம்பி4 எடுத்துக்கோங்க. அதைத்தான் டிவிடி மென்பொருளுக்குக் குடுக்கணும். ஹேண்ட்பிரேக் தானா டிவிடி பண்ணாது, அதுக்கு டிவிடி ஸ்டைலர் மாதிரி வேற ஒண்ணு வேணும்.

வாட்ஸப்ல வந்த வீடியோவை வச்சு டிவிடி அடிக்காதீங்க. அது ஏற்கனவே நசுக்கி வந்தது. எடுத்தவங்ககிட்ட டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, அப்பத்தான் மூலம் அப்படியே வரும்.

மறுபடி ஒருக்கா: எடுக்க முன்னாடின்னா 25, எடுத்தாச்சுன்னா எடுத்த ரேட்டுக்குப் பொருந்துற டிவிடி வகை, போன் வீடியோன்னா முதல்ல கான்ஸ்டன்ட் ஆக்குறது.

சீப்புப் பல்லு வர்ற வகை

பழைய வீடியோ கேமராவும் டேப்பும் ஒரு ஃப்ரேமை ஒரே நேரத்துல எடுக்காது. ஒத்தைப்படைக் கோடுகளை ஒரு தடவையும், 50-ல ஒரு பங்கு செக்கன் வித்தியாசத்துல இரட்டைப்படைக் கோடுகளை இன்னொரு தடவையும் எடுக்கும். இந்த ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்ட். இப்படிப் பின்னி வர்ற வீடியோதான் இன்டர்லேஸ்டு. எந்தப் பாதி முதல்ல வரணும்ங்கிறது ஃபீல்ட் ஆர்டர்.

மினி டிவி (MiniDV) டேப் கேமராக்கள்ல கீழ் ஃபீல்ட், அதாவது இரட்டைப்படைக் கோடுகள், முதல்ல வரும். அதுக்கப்புறம் வந்த எச்டி கேமராக்கள்ல மேல் ஃபீல்ட், அதாவது ஒத்தைப்படைக் கோடுகள், முதல்ல. டிவிடி பண்ணும்போது இதை மாத்திக் குடுத்துட்டா டிவி பிந்தின பாதியை முதல்ல காட்டி, முந்தின பாதியை அப்புறம் காட்டும். கை முன்னால போய், பின்னால வந்து, மறுபடி முன்னால போகும், செக்கனுக்கு இருபத்தஞ்சு தடவை. அதுதான் அந்த நடுக்கம். பழைய கல்யாண டேப்பை டிவிடி ஆக்குறவங்களுக்குத்தான் இது அதிகம் வரும். மென்பொருள்ல ஃபீல்ட் ஆர்டர்னு இருக்குற இடத்துல ஒண்ணை விட்டு மத்ததைப் போட்டு ஒரு நிமிஷத் துண்டை மட்டும் அடிச்சுப் பாருங்க, ரெண்டுல ஒண்ணு சரியா இருக்கும்.

விஎல்சி-ல இந்த நடுக்கத்தை சாதாரணமா கண்டுபிடிக்க முடியாது, கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் ரெண்டு பாதியையும் ஒண்ணா காட்டிடும். டிவியில பாத்தாத்தான் நிச்சயம். போன் வீடியோவுல ஃபீல்ட்-ங்கிறதே இல்ல, அதனால போன்ல எடுத்தவங்க இந்தப் பகுதியை மறந்துடலாம்.

நின்னு நின்னு ஓடுற வகை

ஒரு செக்கன் வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவழியுதோ அதுதான் பிட்ரேட். கூட்டினா படம் நல்லா இருக்கும்னு நினைச்சு எல்லாத்தையும் கடைசி எல்லைக்குத் தள்ளுறாங்க. டிவிடி-ல வீடியோவுக்கு அனுமதி செக்கனுக்கு 9.8 மெகாபிட், சத்தமும் சேர்த்து 10.08. வீட்டுல அடிச்ச டிஸ்க்கை பழைய ப்ளேயர் அந்த எல்லையில வாசிக்கத் திணறும். ஆட்டம் கூடின இடத்துல டேட்டா கூடும், அப்பத்தான் நிக்கும். 8-க்கு மேல போகாம வச்சா பெரும்பாலும் தப்பிக்கலாம். சத்தத்தை ஏசி-3-ங்கிற சுருக்கின ஃபார்மேட்ல போட்டா இன்னும் இடம் மிச்சமாகும்.

பிட்ரேட் குறைஞ்சா ஜெர்க் வராது, படம் கட்டம் கட்டமா மங்கும். 4.7 ஜிபி டிஸ்க்ல ஒரு மணி நேரம்னா 8 தாராளம். ரெண்டு மணி நேரம்னா 5-க்குக் கொஞ்சம் கீழ. மூணு மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்ல அடைச்சா 3 சொச்சம்தான் மிஞ்சும், தாலி கட்டும்போது பூ தூவுற இடமெல்லாம் கஞ்சியா கலங்கிடும். ரெண்டு டிஸ்க்கா குடுங்க.

அடிக்கிற வேகத்தை 16-ல வைக்காம 4 இல்லாட்டி 8-ல வைங்க. டிஸ்க் மேல பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, சுத்தும்போது சமநிலை கெடும், நம்ம பக்கத்து ஈரத்துக்கு ஓரம் உரிஞ்சு ப்ளேயருக்குள்ள மாட்டவும் செய்யும். மார்க்கர்ல எழுதினா போதும். இவ்வளவு செஞ்சும் நின்னா அப்ப லென்ஸைத் துடைக்கிறதைப் பத்தி யோசிக்கலாம்.

யாருக்கு எந்த வகை

சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போன சொந்தக்காரங்க நீலகிரியில இருந்தா அங்கயும் பால்தான், நம்மளுக்கு அடிச்சதே போதும். கனடாவுக்கு அனுப்புறதுன்னா கண்டிப்பா என்டிஎஸ்சி, ஏன்னா நம்ம ப்ளேயர் ரெண்டையும் ஓட்டுற மாதிரி அங்கத்து ப்ளேயர் நிறைய பால்-ஐ ஓட்டாது, டிஸ்க் நல்லா இருந்தும் "ஓடல"ன்னு போன் வரும்.

எல்லாருக்கும் அடிக்கிறதுக்கு முன்னாடி அழிச்சு எழுதுற ஆர்டபிள்யூ டிஸ்க்ல ஒண்ணு அடிச்சு, யாரு பாக்கப் போறாங்களோ அந்த வீட்டு ப்ளேயர்லயே ஓட்டிப் பாருங்க. அப்புறம், டிவிடி அடிச்சாச்சுன்னு போன்ல இருக்குற மூலத்தை அழிச்சிடாதீங்க. போன் எடுத்த 1920-க்கு 1080 படத்துல இருக்குற புள்ளிகள்ல அஞ்சுல ஒரு பங்குதான் பால் டிவிடி-க்குள்ள போகும், மீதி அந்த மூல ஃபைல்ல மட்டும்தான் இருக்கு. ஒரு ஹார்ட் டிஸ்க்லயோ ரெண்டு பென் டிரைவ்லயோ காப்பி எடுத்து வச்சுக்கோங்க, நாளைக்கு அந்த வீட்டுல பென் டிரைவ் போடுற டிவி வந்ததும் அதையே நேரா ஓட்டலாம், எந்த ஃப்ரேமும் குறையாம.